மணமகழ்

ஜூலை 8, திங்கள்

கணினி அறிவியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் இருபது தாள் காலியாக இருக்கிறது. அதில் எழுதுகிறேன். அம்மா என் பையைக் குடைந்தாலும் இந்த நோட்டைத் திறக்க மாட்டாள். அப்பாவால் தாளைப் புரட்ட முடியாது. இப்படி எழுதியிருக்கக் கூடாது. ஆனால் பேனாவில் எழுதியாகிவிட்டது.

இன்று அப்பா 'கீழே' என்று நான்கு முறை சொன்ன பிறகுதான் பக்கம் கீழே போனது.

அப்பா பதினெட்டு வருடமாகத் திருநெல்வேலி ஜங்ஷனில் சேர்மக்கனி அண்ணாச்சியின் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழ் வடிவமைக்கிறார். போன வருடம் வலது கை விரல்களுக்கு மவுஸ் பிடிபடவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் இடது கையும் அப்படியே ஆனது. கழுத்து நரம்பு என்று இங்குள்ள டாக்டர் பட்டை போட்டுவிட்டார். மதுரை டாக்டரைப் பார்க்க ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதிதான் கிடைத்திருக்கிறது. அதுவரை வேலை நிற்க வேண்டாம் என்று அண்ணாச்சி அச்சகத்துக் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றி, தாழையூத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்.

கை இல்லாமல் கம்ப்யூட்டரை ஓட்ட வழி இருக்கிறது என்று சொன்னது எங்கள் உமையாள் டீச்சர். 'சொல்படி' என்று ஒரு மென்பொருள். தலையில் மைக்கை மாட்டிக்கொண்டு தமிழில் சொன்னால் எந்த புரோகிராமையும் இயக்கும். மே மாதம் நான்தான் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். எந்தக் கட்டளைக்கு என்ன வார்த்தை என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். அப்பா வைத்த வார்த்தைகள்: கீழே, எழுது, அழி, நிழல், முழுத்திரை. செய்ததை ரத்து செய்ய, பழையபடி.

"எல்லாத்துக்கும் 'ழ' வர்ற வார்த்தையாப் பாத்து வச்சிருக்கீங்களேப்பா?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"மெஷினும் படிக்கட்டும்ட்டி."

அப்பா அப்படித்தான். அழைப்பிதழில் ழகரம், ளகரம் மாறி ஒரு எழுத்து வந்ததில்லை. "ஊரே வாளப்பளம் தின்னுக்கிட்டு இருக்கு. இவன் ஒருத்தன் மட்டும் வாழைப்பழத்த வச்சிக்கிட்டு அலையுதான்" என்று அண்ணாச்சி கேலி செய்வார்.

ஜூலை 11, வியாழன்

'கீழே' இன்று ஒன்பது முறை. 'எழுது' மூன்று முறை. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று நினைக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

மின்விசிறியை நிறுத்திப் பார்த்தோம். அப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது. பக்கம் கீழே போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கோவிலில் இரண்டாம் பாடம் வாசிக்க வேண்டியது அப்பாவின் முறை. வேதபாடம் வாசிக்க அப்பா எழுந்தால் பின்வரிசைப் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். இன்று ஆராதனைக்கு முன்பே போதகர் ஐயரிடம் போய், தொண்டை கட்டியிருக்கிறது, வேறு யாராவது வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குச் சளி இல்லை. இருமல் இல்லை. மத்தியானம் கறிக்குழம்பு ஊற்றி இரண்டு தடவை சாப்பிட்டார். சாப்பிட ரொம்ப நேரம் ஆனது. அம்மாதான் ஊட்டினாள். அதனால்தான் நேரம் ஆனது.

ஜூலை 17, புதன்

இன்று ஒழுங்காகச் சோதனை செய்தேன். டீச்சர் சொல்லித் தந்த முறை அது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதை அப்படியே விட வேண்டும். கம்ப்யூட்டர் அதே, மைக் அதே, அறை அதே. ஆள் மட்டும் மாற்றம்.

நான் 'கீழே' சொன்னேன், போனது. பத்துக்குப் பத்து.

அம்மா சத்துணவுக் கூடத்திலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. அவள் தலையில் மைக்கை மாட்டினேன்.

"என்னத்தச் சொல்லணும்?"

"கீழேன்னு சொல்லும்மா."

"கீளே."

போகவில்லை. அம்மா மறுபடியும் உரக்க "கீளே, கீளே" என்றாள். அப்பா சிரித்தார். "இருவது வருசமா நான் சொல்லியே உனக்கு வரல. அது சொல்லியா வரப்போவுது."

"உங்க மெஷினுக்கு வாய்க்கொளுப்பு" என்று சொல்லிவிட்டு அம்மா அரிசி களையப் போனாள்.

சொல்படியின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. காதில் விழுந்த வார்த்தையை 'கேட்டது' என்றும், அதற்குச் செய்த வேலையை 'செய்தது' என்றும் வரிசையாக அது எழுதிக்கொண்டே போகும். அம்மா சொன்னதற்கு 'கேட்டது: கீளே' என்று இருந்தது. சரிதான். மேலே நகர்த்திப் பார்த்தேன். காலையில் அப்பா சொன்னதற்கும் 'கேட்டது: கீளே' என்றுதான் இருந்தது.

மைக்தான் கெட்டிருக்க வேண்டும். என் குரல் கீச்சுக் குரல், அதனால் தப்பித்துவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

உமையாள் டீச்சர் லேபிலிருந்து வேறு மைக் தந்தார்கள். ஒரு கேள்வியும் கேட்டேன்.

"டீச்சர், ஒருத்தரோட குரல் மாறிட்டா அதுக்குத் தெரியுமா?"

"சளி பிடிச்சாலே தெரியும். நமக்குக் கேக்காத வித்தியாசம்கூட அதுக்குக் கேக்கும். ஏன்?"

"சும்மாதான் டீச்சர்."

புது மைக்கிலும் கீழே போகவில்லை.

ஜூலை 22, திங்கள்

இன்று அப்பாவின் குரலுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்தோம். திரையில் இருபது வாக்கியம் வரும். வாசித்தால் அது குரலைப் பழகிக்கொள்ளும். மே மாதம் ஒருமுறை செய்ததுதான். அப்போது ஆறு நிமிடம் ஆனது. இன்று பதினொன்றரை நிமிடம்.

அப்பா குளிக்கப் போனபோது (அம்மா குளிப்பாட்டுவாள், நேரம் ஆகும்) இரண்டு பதிவுகளையும் ஹெட்போனில் கேட்டேன். மே மாத அப்பா. இன்றைய அப்பா. மே மாத அப்பா. இன்றைய அப்பா.

மைக் வேறு. அப்போது கோடை, இப்போது காற்றுக் காலம். அதனால் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

நாளை வேதியியல் டெஸ்ட். ஒன்றும் படிக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "கை போனாலும் வாய் இருக்குன்னுதான் அண்ணாச்சி சிஸ்டத்த இங்க விட்டு வச்சிருக்காவ. ஆவணியில அத்தன முகூர்த்தம். இது கேக்கலன்னா அவியளும் எத்தன நாளு பாப்பாவ. சீக்கிரம் சரி பண்ணுட்டி."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 25, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். சொல்படியில் 'திருத்தப் பட்டியல்' என்று ஒன்று உள்ளே இருக்கிறது. இப்படிக் கேட்டால் இப்படி எடுத்துக்கொள் என்று எழுதி வைக்கலாம். எழுதினேன்.

கீளே என்றால் கீழே.
எளுது என்றால் எழுது.
அளி என்றால் அழி.
நிளல் என்றால் நிழல்.
முளுத்திர என்றால் முழுத்திரை.
பளையபடி என்றால் பழையபடி.

அப்பாவிடம் சொல்லவில்லை. "புது வெர்ஷன் போட்டேம்ப்பா" என்றேன்.

ஜூலை 27, சனி

சொன்னதெல்லாம் கேட்கிறது. அப்பா ஒரே நாளில் நான்கு அழைப்பிதழ் முடித்தார். கோவில்பட்டி மாப்பிள்ளை வீட்டுக் கார்டில் இரண்டு யானை வேண்டும் என்றார்களாம். அப்பா வாயாலேயே யானையைப் பிடித்து, திருப்பி, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடத்திக் காட்டினார்.

"ஏட்டி பியூலா, பாத்தியா. பாகனுக்குக்கூட இப்படிக் கேக்காது."

நானும் சிரித்தேன். டீ குடிக்கும்போது அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். இந்த வாரம் இது மூன்றாவது முறை. எண்ணக் கூடாது என்று நினைக்கிறேன். தானாக எண்ணிவிடுகிறேன்.

ஜூலை 31, புதன்

பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 'கீலே' என்று வேறு கேட்கிறது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைப் பார்த்து, புதிதாக விழுந்ததையெல்லாம் சேர்க்கிறேன். நேற்று பதினான்கு. ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்தால் முடியாது. அதனால் இன்று ஒரே விதியாகப் போட்டுவிட்டேன். எந்த வார்த்தையில் 'ள' கேட்டாலும் அதை 'ழ' என்று எடுத்துக்கொள்.

ஆனால் உண்மையாகவே 'ள' வரும் வார்த்தைகள் கெட்டுவிடும். அவற்றுக்கு விலக்குப் பட்டியல் வைக்கலாம். அப்பாவின் பழைய அழைப்பிதழ்களைத் திறந்து, அவற்றில் இருந்த ளகரச் சொற்களையெல்லாம் பொறுக்கினேன். அவர்கள், தங்கள், பெரியோர்கள், நாள், வெள்ளி, உள்ளம், பேரருள். மொத்தம் நாற்பத்தேழு. சரிபார்த்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

அப்பா பின்னால் நின்றுகொண்டு, "என்னட்டி இவ்வளவு நேரம்?" என்றார். ஜன்னலை மூடிவிட்டேன். கம்ப்யூட்டர் ஜன்னலை.

ஆகஸ்டு 3, சனி

மத்தியானம் சேர்மக்கனி அண்ணாச்சி வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே செருப்போடு நின்றார். கையில் ஒரு கார்டு.

"தனசிங்கு, இத வாசி."

நான் கார்டை வாங்கி அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அச்சடித்து, மஞ்சள் தடவி, விநியோகத்துக்குத் தயாரான கார்டு. கடைசி வரியில், 'மாலை வரவேற்பு மணமகழ் இல்லத்தில் நடைபெறும்.'

மணமகழ்.

வியாழக்கிழமை கார்டு முழுவதையும் சரிபார்த்து அனுப்பிய பிறகு, பெண் வீட்டில் வரவேற்பை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று போன் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அப்பா புதிதாகச் சொல்லிச் சேர்த்து, அண்ணாச்சி அவசரப்படுத்தியதால் அப்படியே அனுப்பியிருக்கிறார். நான் பொறுக்கிய பழைய கார்டுகள் எல்லாவற்றிலும் 'திருவளர்செல்வி' என்றுதான் இருந்தது. என் நாற்பத்தேழில் மணமகள் இல்லை.

"பொண்ணோட அப்பா கடையில வந்து நிக்காரு. 'எம்மவ மகளா, மகழா'ன்னு கேக்காரு. பக்கத்துக் கடைக்காரனுவ எல்லாம் சிரிக்கானுவ. வேற எவனும் செஞ்சிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல தனசிங்கு. நீ செஞ்சிருக்கியே."

அப்பா கார்டையே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிள்ள சாஃப்ட்வேருல என்னமோ நோண்டிட்டா" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, நான்தான்" என்றேன்.

அண்ணாச்சியின் கோபம் கொஞ்சம் இறங்கியது. "நல்லாப் படிக்கிற பிள்ள, கவனமா இருக்க வேண்டாமா? சரி. வேற அடிச்சிக் குடுத்திருதேன். மதுரைக்குப் போயிட்டு வாங்க. அதுவரைக்கும் வார கார்ட நம்ம பிரஸ்ஸுல சுடலமுத்து பாக்கட்டும்."

அவர் போன பிறகு அம்மா என்னைத் திட்டினாள். நன்றாகத் திட்டினாள். அப்பா குறுக்கே பேசவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. என்மேல் பழி விழுந்தது நல்லதாகத்தான் இருந்தது. மென்பொருளின் தப்பு, அதை நோண்டியவளின் தப்பு. வேறு யாருடைய தப்பும் இல்லை.

ஆகஸ்டு 4, ஞாயிறு

கோவிலுக்கு அப்பா வரவில்லை.

ஆகஸ்டு 6, செவ்வாய்

விதியை எடுத்துவிட்டுப் பழையபடி ஒவ்வொரு வார்த்தையாக வைக்கலாம் என்று திருத்தப் பட்டியலைத் திறந்தேன். காலி. விதி இல்லை, விலக்கு இல்லை, கீளே இல்லை, ஒன்றுமில்லை. நான் அழிக்கவில்லை. அம்மாவுக்கு அதைத் திறக்கத் தெரியாது.

பெட்டியை மேலே நகர்த்தினேன். காலை 10:12, 'திருத்தப் பட்டியல் திற' என்று கேட்டிருக்கிறது. 10:13 முதல் 10:31 வரை ஒன்றுமே கேட்கவில்லை. பதினெட்டு நிமிடம். நான் எழுதி வைத்த நூற்று இருபது வார்த்தைகளையும் வாசிக்க அவ்வளவு நேரம் ஆகும். அப்பா என்ன சொன்னார், அது அவருடைய வாயில் எப்படி வந்தது என்று தேதி போட்டு வைத்திருந்தேன். தேதி ஏன் போட்டேன். தேதி போடாமல் இருந்திருக்கலாம்.

10:31, 'எல்லாம் நீக்கு.'

அழி என்று சொல்லவில்லை. நீக்கு.

அதன் பிறகு மத்தியானம் வரை இப்படியே போகிறது:

கேட்டது: கீளே
கேட்டது: கீளே
கேட்டது: கீலே
கேட்டது: கீளே
கேட்டது: கீழே
கேட்டது: கீயே

எண்ணவில்லை. ஐந்து திரை நிறைய இருந்தது. அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பக்கம் கீழே போயிருக்கிறது.

அப்பா இரவு சாப்பிடும்போது என்னிடம் பேசினார். சுடலமுத்து கார்டில் எழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றார். நானும் ஆமாம் என்றேன்.

ஆகஸ்டு 9, வெள்ளி

அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சமைக்க வேறு ஆள் இல்லை. மதுரைக்கு அப்பாவுடன் நான் போகிறேன். ஃபைலைத் திறக்க, கையெழுத்துப் போட, தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

அம்மா கிணற்றடியில் இருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"டாக்டர்ட்ட கையத்தான் காட்டப் போறோம்."

"சரிப்பா."

"மத்ததெல்லாம் பேச வேண்டாம். டாக்டர் என்னமும் எழுதிட்டாருன்னா அம்மா பயந்துருவா. அண்ணாச்சி காதுக்குப் போவும். வண்டிய அனுப்பி சிஸ்டத்த ஏத்திருவாரு. பொறவு நான் வீட்டுல உக்காந்து என்ன செய்ய? விளங்குதா?"

"விளங்குதுப்பா."

பேசும்போது நடுநடுவே நின்று எச்சில் விழுங்கினார். நான் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது.

ஆகஸ்டு 11, ஞாயிறு

பயமாக இருக்கிறது. சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். எதற்குப் பயம் என்று எழுத முடியவில்லை. எழுதினால் அது இருக்கிறது என்று ஆகிவிடும். பக்கத்து அறையில் அப்பா மெதுவாக ஏதோ சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். அம்மா ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்டு 12, திங்கள்

திரும்பி வர ஏழு மணி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

டாக்டருக்கு அம்மா வயதுதான் இருக்கும். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். தோளில் தட்டினார். சின்னச் சுத்தியலால் முட்டியில் அடித்தார். ஊசி குத்தினால் தெரிகிறதா என்றார். பழைய ஃபைல் முழுவதையும் வாசித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பேச்சுல எதுவும் மாற்றம் இருக்கா?"

"ஒரு குறையும் இல்ல டாக்டர்."

"கொஞ்சம் பேசுங்க, கேப்போம். என்ன வேலை பாக்கறீங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடம் வாசிக்க நிற்பது போல. "என் பேரு தனசிங். நான் பிரஸ்ஸுல கல்யாண கார்டு டிசைன் பண்ணுதேன். பதினெட்டு வருசமா அங்கதான் இருக்கேன். கைதான் கொஞ்சம் ஒத்துவரல."

எவ்வளவு தெளிவு. ஒரு எழுத்து பிசகவில்லை. மே மாத அப்பா மாதிரியே இருந்தது.

"எந்த ஊரு?"

"திருநெல்வேலி பக்கம்."

டாக்டர் தலையாட்டினார். பேச்சு நார்மல் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். கழுத்துக்கு ஒரு ஸ்கேன், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா பேசியது முழுவதிலும் ஒரு 'ழ'கூட இல்லை. ஊரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நேற்று இரவு பக்கத்து அறையில் தேடிக்கொண்டிருந்தது இந்த வாக்கியங்களைத்தான்.

ஃபைலை என் கையில் தந்தார்கள். எழுந்து நின்றுவிட்டேன். கதவுக்கு நான்கு எட்டுதான்.

"டாக்டர், அப்பாவ 'கீழே'ன்னு சொல்லச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

"சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அப்பா சொல்லவில்லை.

"சும்மா சொல்லுங்க சார். ஒரே வார்த்தைதான்."

"கீயே."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். நாற்காலியை அருகே இழுத்து உட்கார்ந்தார். மறுபடியும் சொல்லச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். நாக்கை நீட்டச் சொல்லி நெடுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுமா என்று கேட்டார். அதை அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார். எத்தனை முறை என்று சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து என்றும் சொன்னேன்.

ஃபைலைத் திரும்ப வாங்கி, எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினார். வியாழக்கிழமை வந்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நான்கைந்து பரிசோதனை இருக்கிறது, அம்மாவையும் கூட்டி வர வேண்டும். "ஆறு மாசம் விட்டிருந்தா தப்பாப் போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். நோயின் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். சட்டைப் பையில் டாக்டர் சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். என்னுடன் இனிமேல் பேசவே மாட்டாரோ என்று நினைத்தேன்.

திருமங்கலம் தாண்டும் முன்பே கண்டக்டர் வந்துவிட்டார்.

"எங்க?"

அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. மூடிக்கொண்டார். பிறகு முழங்கையால் என் விலாவில் இடித்தார்.

"நீ சொல்லு."

"ரெண்டு தாழையூத்து" என்றேன்.

"தாளையூத்து உள்ள போகாதும்மா. பைபாஸ்ல இறக்கிவிடுதேன்" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். அப்பா அவரைத் திருத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலிலிருந்து திரும்பாமலே, "சரியாச் சொன்னட்டி" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.